நார்க்கஞ்சா வயலும் ஒரு வினைச்சொல்லும்

1

கிளிநொச்சியிலிருந்து தவராசா குரல் செய்தி அனுப்பியிருந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது அங்கே ஒரு கமக்காரர் சங்கத்துக்குச் செயலாளர்.

"மச்சான், நீ அங்க ஹெம்ப் செய்யிறாயாம். மருந்தடிக்கத் தேவையில்லையாம், புல்லுப் பிடுங்கத் தேவையில்லையாம், துணி, எண்ணெய், வீட்டுச் சுவர் எல்லாம் அதில வருமாம். எங்கட சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா. சனம் வாசிச்சுப்போட்டு நாளைக்கே விதைக்கோணும், என்ன?"

அந்தக் குரல் வந்த சனிக்கிழமை, நான் ஜேர்மன் குடியுரிமைப் பத்திரத்தைக் கையில் வாங்கி ஒரு வருடம் முடிந்திருந்தது. கேக் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஹாலே நகரத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். யாருடைய தயவால் அந்தப் பத்திரம் கிடைத்ததோ அந்தப் பெண்மணியைப் பார்க்கத்தான் போனேன். தவராசாவுக்கு "ஓம், எழுதுறன்" என்று பதில் போட்டேன்.

திரும்பி வந்த பிறகு அவன் கேட்ட கட்டுரையை என்னால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக எழுதியது இது. மலரில் போடுவதா விடுவதா என்பது அவன் முடிவு.

2

முதலில் பயிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜேர்மன்காரர் இதை 'ஹன்ஃப்' என்பார்கள். சணல் என்று எழுதினால் நெல் வெட்டிய வயலில் பசளைக்காக விதைக்கிற நம்முடைய சணலை நீங்கள் நினைப்பீர்கள். அது வேறு. இது கஞ்சாவின் கூடப்பிறந்தது. இலையும் மணமும் கஞ்சாதான், ஆனால் போதை தரும் சத்து இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. நான் எனக்குள்ளே இதை நார்க்கஞ்சா என்று கூப்பிடுவேன்.

மே மாதம் விதைத்தால் ஓகஸ்டில் என்னைப்போல இரண்டு ஆள் உயரம் நிற்கும். மூன்றாவது கிழமையிலேயே இலைகள் ஒன்றையொன்று தொட்டு நிலத்தை மூடிவிடும். வெயில் படாத நிலத்தில் புல் எப்படி முளைக்கும்? பூச்சியும் பெரிதாக வருவதில்லை. வேர் ஆழத்துக்குப் போய் இறுகிய மண்ணை உடைக்கும். அடுத்த வருடம் அதே நிலத்தில் கோதுமை விதைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தண்டின் வெளிநார் கயிறாகும், துணியாகும், கார் கதவுகளின் உள்மட்டையாகும், குளிர் புகாமல் சுவருக்குள் வைக்கிற மெத்தையாகும். உள்ளே இருக்கிற மரத்துகளைச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவரே கட்டுகிறார்கள். விதையில் எண்ணெய்.

இதெல்லாம் உண்மை. பதின்மூன்று வருடம் கையால் தொட்டுப் பார்த்த உண்மை.

அதற்கு முன் நான் பேர்லினில் இருந்தேன். நொய்கெல்னில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் பாத்திரம் கழுவினேன். பிறகு அலுவலகங்களில் துப்புரவு வேலை. மனைவி புற்றுநோயில் போனபோது மகள் துளசிக்குப் பத்து வயது. அந்த நகரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. ஹாலேக்கு அருகில் ஒரு பண்ணைக்கு ஆள் தேவை, தங்க வீடும் உண்டு என்று யாரோ சொன்னார்கள். போனேன்.

பண்ணையின் சொந்தக்காரி ஹைக்கே. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நிலத்தில் பெரும்பகுதி குத்தகைதான். முதல் நாள் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நீ கமம் செய்த ஆள்" என்றார். பெயரைக்கூட அதன் பிறகுதான் கேட்டார்.

3

எனக்கு ஓர் அண்ணன். புகையிலையும் வெங்காயமும் செய்தவர். போர் முடிந்து கிளிநொச்சிக்குப் போய் மறுபடி தோட்டம் போட்டார். மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, வாயில் ஒரு துணிகூட இல்லாமல் வருடக்கணக்காக அடித்தார். அந்த ஈரம் முதுகு வழியாக இறங்கும். அந்தக் கையாலேயே வெற்றிலை போடுவார். பிறகு சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. மருந்தால்தான் வந்தது என்று டாக்குத்தர் எவரும் எழுதித் தரவில்லை. அண்ணன் மட்டும் அப்படித்தான் சொல்லுவார்.

பண்ணையில் முதல் வருடம் பயிர் இலைவிட்டு வளர்ந்த பிறகு நான் ஹைக்கேயிடம் எப்போது மருந்து அடிப்பது என்று கேட்டேன்.

"அடிப்பதில்லை" என்றார்.

"ஒருக்காலும் இல்லையோ?"

"ஒருக்காலும் இல்லை."

அன்று வயல் ஓரத்தில் நின்று அண்ணனுக்கு வீடியோவில் அழைத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீ வெளிநாட்டுக் கதை விடுறாய்" என்றார். நான் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் பயிரைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டேய், இது கஞ்சாவெல்லோ! பொலிஸ் பிடிக்கப்போகுது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அகதியாக ஏற்கப்பட்டவனுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அண்ணனைப் பார்ப்பதென்றால் ஜேர்மன் கடவுச்சீட்டு வேண்டும். அதற்கு மொழிப் பரீட்சை. இரண்டு தரம் தவறினேன். மூன்றாம் தரம் தேறி விண்ணப்பத்தைக் கொடுத்தபோது அண்ணனுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

4

இந்தப் பயிருக்கு மருந்து வேண்டாம், ஆனால் கடதாசி வேண்டும். அனுமதிக்கப்பட்ட விதைதான் வாங்க வேண்டும். சாக்கில் தைத்திருக்கும் சீட்டை வெட்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தத் துண்டில் எவ்வளவு என்று வரைபடம் கொடுக்க வேண்டும். பூக்கத் தொடங்கியதும் அறிவிக்க வேண்டும். அவர்கள் சில வயல்களைத் தெரிந்தெடுத்து, ஆள் அனுப்பி, நிற்கிற செடியின் பூந்தலைகளை வெட்டிச் சோதிப்பார்கள். உங்கள் வயலைத் தெரிந்தெடுத்துவிட்டால் மாதிரி எடுக்கும்வரை கத்தி வைக்கக் கூடாது. வெட்டிய பிறகு சோதிக்க முடியாது. பூ நிற்க வேண்டும்.

ஒரு வருடம் பூத்ததை அறிவிக்கிற வேலையை ஹைக்கே என்னிடம் தந்தார். தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் பேனையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "யாருக்குக் காயம்?" என்றார். பூவுக்கு ஜேர்மனில் 'புளூட்டே', இரத்தத்துக்கு 'புளூட்'. எங்கள் வயலில் இரத்தம் தொடங்கிவிட்டது, எல்லா இடமும் இரத்தம் என்று நான் அறிவித்திருக்கிறேன். ஹைக்கே கதிரையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பூக்கிற நேரம், "நாதன், இரத்தம் வந்துவிட்டதா?" என்று கேட்பார்.

எனக்கு வருகிற கடிதங்களை எல்லாம் துளசிதான் வாசித்துச் சொல்லுவாள். பன்னிரண்டு வயதிலேயே வரி அலுவலகத்துக்கு என் பெயரில் கடிதம் எழுதியவள். வளர வளர அலுப்பு வந்தது. லைப்சிக்கில் பிசியோதெரபி படித்து அங்கேயே வேலைக்குப் போன பிறகு, என்னோடு தமிழில் தொடங்கி இரண்டாவது வசனத்தில் ஜேர்மனுக்குப் போய்விடுவாள். படம் பிடித்து அனுப்புகிற கடிதங்களுக்குப் பதில் பிந்திப் பிந்தி வந்தது.

"பப்பா, நீங்கள் பரீட்சை பாஸ் பண்ணினனீங்கள்தானே? நீங்களே வாசியுங்கோ. நான் உங்கட செக்ரட்டரி இல்லை" என்றாள் ஒருநாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் எனக்கு அது நெஞ்சில் நின்றது.

5

போன வருடத்துக்கு முந்திய வருடம், ஓகஸ்ட். ஹைக்கேக்கு இடுப்பெலும்பு மாற்றுகிற ஒபரேசன். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு, இனி நடக்கவே ஏலாது என்ற நிலையில்தான் போனார். பண்ணை என் பொறுப்பு. அந்த வருடம் எங்கள் வயலைச் சோதனைக்குத் தெரிந்தெடுத்திருந்தார்கள்.

இந்தத் தண்டை வெட்டுவதற்கென்று தனி இயந்திரம் இருக்கிறது. சாதாரண அறுவடை இயந்திரத்தில் போட்டால் நார் சுற்றி அச்சையே இறுக்கிவிடும். எங்கள் பக்கத்தில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் நாரைப் பிரிக்கிற தொழிற்சாலைக்குச் சொந்தம். அவர்கள் தருகிற நாளில் வெட்ட வேண்டும். தவறவிட்டால் இன்னும் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். அதற்குள் தண்டு முற்றி நார் முரடாகிவிடும், தொழிற்சாலை எடுக்காது. எங்களுக்கு வியாழக்கிழமை தந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைக் கார் வயல் ஓரத்தில் நின்றது. இரண்டு பேர் பையும் குறிப்புப் புத்தகமுமாக வரம்பு நீளத்துக்கு நடந்தார்கள். மாதிரி எடுக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்கவில்லை. அவர்கள் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய் கடிதம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். மாதிரி எடுத்தல், எங்கள் வயல் இலக்கம், இந்நாட்களில், எங்கள் அலுவலர் மூலம். எல்லாம் விளங்கியது. மாதிரி எடுக்கப்பட்டது என்று விளங்கிக்கொண்டேன். ஜேர்மனில் 'வூர்டே' என்று இருந்தால் எடுக்கப்பட்டது. 'விர்ட்' என்று இருந்தால் எடுக்கப்படும். பரீட்சையில் இதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. கடிதத்தில் இருந்தது 'விர்ட்'. வெள்ளைக் காரைக் கண்ட கண்ணுக்கு அது 'வூர்டே' ஆகத்தான் தெரிந்தது.

ஆனாலும் ஒரு பழக்கத்தில் படம் எடுத்துத் துளசிக்கு அனுப்பினேன். இரவு வரைக்கும் பதில் இல்லை. புதன்கிழமையும் இல்லை. இனி அவளைக் கேட்பதில்லை என்று ஒரு வீறாப்பு வந்தது.

புதன் பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்த ஹைக்கேக்கு அழைத்தேன். ஒபரேசன் முடிந்து ஒரு நாள். குரல் தடித்திருந்தது.

"மாதிரி எடுத்துவிட்டார்களா?"

"ஓம். கடிதமும் வந்திட்டுது."

"அப்படியென்றால் வெட்டு" என்றார்.

6

வியாழன் காலை எட்டு மணிக்கு இயந்திரம் வந்தது. ஓட்டியவர் தொழிற்சாலையின் ஆள், என்னை அன்றுதான் முதல் தரம் பார்க்கிறார். நான் ஜேர்மனில் பேசத் தொடங்கியதும் என் தலைக்கு மேலால் பார்த்து, "முதலாளியம்மா எங்கே?" என்று கேட்டார். அவ ஆஸ்பத்திரியில், இன்றைக்கு நான்தான் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு ஏறினார்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அதிர்ந்தது. துளசி. ஜேர்மனில்தான் எழுதியிருந்தாள். அதன் தமிழ் இதுதான்: 'பப்பா, மன்னியுங்கோ, இப்பதான் பார்த்தேன். அதில் விர்ட் என்று இருக்கிறது, வூர்டே இல்லை. அவர்கள் இன்னும் வரவில்லை. வெட்ட வேண்டாம்.'

நிமிர்ந்து பார்த்தேன். வயலில் மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது. மிச்சம் இரண்டு பங்கு பூந்தலையோடு நின்றது.

அந்த நேரத்தில் இயந்திரம் வரிசையின் முடிவுக்கு வந்து நின்றது. ஓட்டியவர் கதவைத் திறந்து, அடுத்த பக்கம் போகவா என்று கையால் கேட்டார். நான் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லியிருந்தால் போதும். அலுவலகத்துக்கு அழைத்து, தெரியாமல் தொடங்கிவிட்டோம், மிச்சம் நிற்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நின்றதிலிருந்து மாதிரி எடுத்திருப்பார்கள். முழுவதும் தப்பியிராது. பெரும்பகுதி தப்பியிருக்கும்.

முப்பது வருடமாக இந்த நாட்டில் நான் கடிதம் விளங்காத மனிதன். மகளுக்கு முன்னால், டாக்குத்தருக்கு முன்னால், அலுவலக யன்னல்களுக்கு முன்னால். அந்தப் பண்ணையில் மட்டும்தான் நான் வேலை தெரிந்தவன். அந்த ஓட்டுநருக்கு முன்னால் இயந்திரத்தை நிறுத்தி, நான் ஒரு சொல்லைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை அதிகாரி வராமலே விடலாம் என்று மனம் ஒரு பக்கத்தால் சொல்லியது. தொலைபேசியைப் பைக்குள் வைத்தேன்.

"வைட்டர்" என்றேன். தொடருங்கள்.

இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

பின்னேரம் துளசி அழைத்தாள். பதற்றமாக இருந்தாள். "பப்பா, வெட்டிட்டீங்களோ?"

"வெட்டியாச்சுப் பிள்ளை. விடியவே வந்து வெட்டிட்டாங்கள். நீ அனுப்பேக்கை எல்லாம் முடிஞ்சுது."

"நான் செவ்வாய்க்கிழமையே பாத்திருக்கோணும்" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

நான் "பரவாயில்லை" என்றேன்.

7

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். இளம் பெண். கையில் கத்தரிக்கோல், கடதாசிப் பைகள், மாதிரிக்கு ஒட்டுகிற சீட்டுகள். வரம்பில் நின்று வெட்டிக் கிடந்த வயலைப் பார்த்துவிட்டு, வேறு வயலுக்கு வந்துவிட்டேனோ என்பதுபோல் தன் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னிடம் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. "எனக்கு இதை எழுதத்தான் வேண்டும்" என்றார். அவர் செய்தது அவர் வேலை.

சோதனைக்கு முன் வெட்டிய நார்க்கஞ்சா சட்டத்தின் கண்ணில் வெறும் கஞ்சா. கோப்பு பொலிசுக்குப் போனது. வெட்டிக் கிடந்ததைத் தொடக் கூடாது என்று தடை வந்தது. பனியில் நனைந்து நார் கழலும்வரை கிடப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது தாண்டியதும் தண்டு சாம்பல் நிறமாகிக் கறுத்து அழுகத் தொடங்கியது. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்த மணம் என் வீட்டுக்குள் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஹைக்கேயின் கட்டில் ஓரத்தில் நின்று, சொல்லைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று சொன்னேன். பத்து மணி பத்து நிமிடத்தைச் சொல்லவில்லை.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் குடியுரிமை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டார்.

"கடைசி நிலை. கோடைக்குப் பிறகு எண்டு சொன்னவை."

"உன் பெயரில் விசாரணை என்றால் அதை நிறுத்திவிடுவார்கள். உன் அண்ணன்?"

"எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"அப்படியென்றால் நீ வேலையாள். நான் சொன்னேன், நீ செய்தாய். மாதிரி எடுத்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. மருந்து மயக்கத்தில் வெட்டு என்று சொல்லிவிட்டேன். விளங்குதா?"

"ஹைக்கே, அது பொய்."

"வெட்டு என்று நான் சொன்னது பொய்யா?"

பொலிசில் அவர் அப்படியே சொன்னார். நானும் அப்படியே கையெழுத்து வைத்தேன்.

8

வழக்கு மன்றத்துக்குப் போகவில்லை. ஹைக்கேக்குத் தண்டம் எழுதி முடித்துவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் சமாளித்திருப்பார். அந்த வருடம் பண்ணைக்கு வரவேண்டிய அரச உதவி நின்றது. தொழிற்சாலைக்குத் தங்கள் பெயர் முக்கியம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தொழிற்சாலை எடுக்காவிட்டால் இந்தத் தண்டு வைக்கோலுக்கும் உதவாது. தொலைவில் இருக்கிற வேறு தொழிற்சாலைக்கு ஏற்றினால் லொறிக்கூலியே விளைச்சலைத் தின்றுவிடும், அவ்வளவு பருமன். குத்தகை முடிந்ததும் நிலத்துக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கே சோளம் நிற்கிறது. மருந்துத் தாங்கியின் நீண்ட கைகள் விரிந்து அதன் மேலால் போவதை வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன். நான் இப்போது ஒரு பொதிக் கிடங்கில் வேலை செய்கிறேன்.

தவராசா, உன் கேள்விக்குப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிர் நல்ல பயிர். அண்ணனின் தோட்டத்தில் இது நின்றிருந்தால் அவர் இன்னும் உயிரோடு இருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆனால் இங்கத்தைய விதையை வாங்கி அங்கே விதைக்காதே. இது நீண்ட பகலுக்குப் பழகிய விதை. உங்கள் பகல் குறுகியது. முழங்கால் உயரத்திலேயே பூத்து நின்றுவிடும், நாருக்குத் தண்டு இராது. வெயில் கூடினால் போதைச் சத்தும் எல்லையைத் தாண்டலாம். உங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுத்தில் வாங்கு. நாரைப் பிரிக்கிற ஆலை கிட்ட இல்லாவிட்டால் விதையைத் தொடாதே. சனத்தை நாளைக்கே விதைக்கச் சொல்லாதே.

அடுத்த மே மாதம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. நகரசபை மண்டபத்தில் பத்திரம் தந்தார்கள், ஒரு பெண் வயலின் வாசித்தார். துளசி வந்திருந்தாள். படம் எடுக்கும்போது சிரிக்கவில்லை. ஜூலையில் பறந்துபோய் அண்ணனைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு. எலும்பாக இருந்தார். இருபது நாள் பக்கத்தில் இருந்தேன், கால் பிடித்துவிட்டேன், கஞ்சி பருக்கினேன். செப்டெம்பரில் போய்விட்டார். அந்த இருபது நாளைத் தந்தது ஹைக்கே. அதை எந்தப் பக்கம் திருப்பி யோசித்தாலும் அப்படித்தான் முடிகிறது.

9

ஹைக்கே ஹாலேயில் ஓர் அடுக்குமாடியில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். ஒரு பேக்கரியில் அரைநாள் வேலை. நான் போன அந்தச் சனிக்கிழமை அவர் கதவைத் திறந்தபோது ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார்.

"நல்லா நடக்கிறீங்கள்" என்றேன்.

"உன் மகளின் கைராசி."

எனக்கு விளங்கவில்லை.

"உனக்குத் தெரியாதா? நான் இங்கே வந்த நாளிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம் சனிக்கிழமையில் வருவாள். இடுப்புக்குப் பயிற்சி தருவாள், சாமான் வாங்கி ஏற்றித் தருவாள். ஒரு சதமும் வாங்க மாட்டாள். சொல்லாதே என்றாள். அதற்காக எவ்வளவு காலத்துக்குச் சொல்லாமல் இருக்கிறது?" கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். "தன்னால்தான் என் பண்ணை போனது என்று நினைக்கிறாள், பாவம். இரண்டு நாள் பிந்திப் பதில் போட்டேன் என்று அந்தக் கதிரையில் இருந்து அழுதாள். அது உன் பிழை இல்லை பிள்ளை என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன். நீயும் சொல்லு."

கேக் என் தட்டில் இருந்தது. நான் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டேன்.

"அவளின்ர செய்தி நேரத்துக்கு வந்தது, ஹைக்கே."

அவர் நிமிர்ந்தார்.

"பத்து மணி பத்துக்கு வந்தது. நான் வாசிச்சன். அப்ப பாதியும் வெட்டேல்லை. மூண்டில ரெண்டு பங்கு நிண்டது. நான்தான் தொடரச் சொன்னனான்."

"ஏன்?"

"வெக்கமா இருந்தது."

கீழே டிராம் போகிற சத்தம் கேட்டது. ஹைக்கே கேக் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். கோபித்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் நாளிலிருந்தே என்னை 'டூ' என்று, நீ என்றுதான் கூப்பிட்டவர். வீட்டு மனிதருக்கும் கூட்டாளிக்கும் சொல்கிற சொல் அது.

"இன்றைக்கு என்னிடம் சொல்லிவிட்டீர்கள்" என்றார். 'ஸீ' என்றார். நீங்கள். கடைக்காரருக்கும் அதிகாரிக்கும் சொல்கிற சொல். "அவளிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். இப்போது போய்விடுங்கள், தயவுசெய்து."

வாசல்வரை வந்தார். என் ஜாக்கெட்டைக் கொழுவியிலிருந்து எடுத்துத் தந்தார். கை கொடுத்தார். கை கொடுத்து விடைபெறுகிற வழக்கமும் எங்களுக்குள் இருந்ததில்லை.

10

அங்கிருந்து லைப்சிக்குக்கு ரயிலில் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. துளசியின் வீட்டு அழைப்பு மணியை அழுத்தி, கீழே வரச் சொன்னேன். சப்பாத்துப் போடாமல் வந்தாள். மாடிப்படியின் கீழ், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். ஜேர்மனில் சொல்ல வெளிக்கிட்டால் ஏதாவது ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவேன் என்று பயம்.

நான் முடித்த பிறகு அவள் தொலைபேசியை எடுத்து, மேலே மேலே தள்ளி அந்த நாளுக்குப் போனாள். தன் செய்தியைப் பார்த்தாள்.

"எத்தினை மணிக்குப் பாத்தனீங்கள்?" தமிழில் கேட்டாள்.

"வந்தவுடனை. பத்துப் பத்துக்கு."

"நான் வேலைக்குள்ள நிண்டனான். பேஷன்ட்டைக் கட்டில்ல விட்டிட்டு ஓடிப்போய் எழுதினது." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "ஒண்டே முக்கால் வருஷமா நான் நினைக்கிறன், செவ்வாய்க்கிழமை பாத்திருந்தா, புதன்கிழமை பாத்திருந்தா எண்டு. நீங்கள் எனக்குப் பக்கத்தில இருந்து சோறு சாப்பிட்டனீங்கள் பப்பா. பேர்த்டேக்கு வந்தனீங்கள். அப்பவும் சொல்லேல்லை."

"ஓம்."

"ஹைக்கேக்குத் தெரியுமோ?"

"இப்பதான் சொல்லிப்போட்டு வாறன்."

"என்ன சொன்னவ?"

"என்னை 'ஸீ' எண்டா."

அவள் இந்த நாட்டில் பிறந்தவள். அதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். அழவில்லை. என் பக்கம் ஒரு கை நீட்டுகிற மாதிரி வந்து, பிறகு அந்தக் கையால் தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

"நான் ஹைக்கேயிட்டப் போறதை விட மாட்டன்" என்றாள். "அவவின்ர இடுப்பு இன்னும் சரியில்லை." பிறகு, "உங்களுக்கு இனி கடிதம் வந்தா எனக்கு அனுப்பாதேங்கோ" என்றாள்.

படியேறிப் போனாள். வெறுங்காலில் சத்தமே இல்லை. மேலே அவளுடைய கதவு தானாக மூடுகிற வகை, மெதுவாகத்தான் மூடும். நான் படியின் கீழ் நின்று அது மூடி முடிகிற சத்தம் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிடவில்லை.